786-ம் பிளாக்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்கிறவர்மேல் இல்லை, சொல்லிப் புரியவைக்க முடியாத இந்த வேலையின்மேல். "கம்ப்யூட்டர்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். அதற்குமேல் கேட்டால் மேற்கு மாம்பலத்தில் காய்கறி விலை என்ன ஏறியிருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று விளங்காது.

ஆயிரக்கணக்கில் வந்து விழும் கோப்புகளை, அவற்றின் பெயரை மட்டும் பார்த்து, எது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பிரிப்பது என் வேலை. உள்ளே திறந்து பார்ப்பது கிடையாது. திறந்து பார்க்க ஆரம்பித்தால் ஆயுசு போதாது. பெயர் இப்படித் தொடங்கினால் இந்தக் கூட்டம், அப்படித் தொடங்கினால் அந்தக் கூட்டம் என்று ஒரு வரியில் விதி எழுதுவேன். அந்த வரிக்கு பேட்டர்ன் என்று பெயர். அதில் நட்சத்திரக் குறி ஒன்று வரும். "இந்த இடத்தில் எது இருந்தாலும் சரி" என்று அதற்கு அர்த்தம். ஐந்து என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு நட்சத்திரத்தைப் போட்டால் ஐந்தில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டலாக் என்கிற அட்டவணையில் பார்ப்பவருக்கு ஆயிரம் கோப்புகள் தெரியாது. "ஐந்தாம் பிளாக்" என்று ஒரு வரி தெரியும். எந்தப் பேட்டர்னிலும் சிக்காதது கேட்டலாக்கில் வராது. கேட்டலாக்கில் வராததை மேலே இருக்கிற யாரும் பார்க்கமாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது இல்லை.

எங்கள் அலுவலகம் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், துணிக்கடைக் கிடங்குக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கஞ்சி போட்ட புதுத்துணி வாடை வரும். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. அங்கே எனக்குத்தான் வயது அதிகம். என் மேனேஜர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை "மேம்" என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் பொறுத்துக்கொள்வார்கள். அந்தச் சுத்தத்தில் எனக்குக் கர்வம் உண்டு. உண்டு என்ன, தலைக்கு மேலே இருந்தது.

அந்த வருஷம் வந்த வேலை ஆற்றோரத்து வீடுகளின் கணக்கெடுப்பு. அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்களை எழுப்பி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடியேற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதவேண்டும். எழுதப்பட்ட வீட்டுக்கு டோக்கன், டோக்கன் இருந்தால் புது வீடு. பட்டியலில் பெயர் இல்லையென்றால் இடிக்கிற அன்றைக்குச் சாமானை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

ஆற்றங்கரையை நாற்பது பிளாக்காகப் பிரித்திருந்தார்கள். கணக்கெடுக்கப் போனவர்கள் எல்லாம் தினக்கூலிக்கு வந்தவர்கள், இருபது முப்பது பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு. அதற்குப் பெயர் வைப்பது எப்படி என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். முதலில் பிளாக் எண், பிறகு தெரு எண், பிறகு கதவு எண். பன்னிரண்டாம் பிளாக், நான்காம் தெரு, முப்பத்தோராம் கதவு என்றால் 12_04_31. அவ்வளவுதான். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் பேட்டர்னை ஓட்டியபோது பாதிக்குப் பாதி சிக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் ஆங்கில எழுத்து "யு" ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் இருவர் அல்ல, பத்துப் பேருக்கு மேல் அப்படி அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையார் சுழி! எதை எழுதினாலும் மேலே ஒரு "உ" போடாமல் எழுத வராத கைகள். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து ஏறவில்லை என்றதும் "யு" போட்டிருக்கிறார்கள்.

என் அப்பா அப்படித்தான். மளிகைச் சாமான் பட்டியல், பால்காரருக்குச் சீட்டு, எதுவாக இருந்தாலும் முதலில் சுழி. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தின் மூலையில்கூட நடுங்கும் கையால் ஒன்று போட்டார். நர்ஸ் அதை என்னவென்று கேட்டாள்.

"இவங்களை எல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லலாமா மேம்?" என்றார் மேனேஜர்.

"வேணாம், பாவம்" என்றேன். "நானே சேத்துக்கறேன்."

பேட்டர்னில் ஒரு சின்ன ஒட்டுப் போட்டேன். முன்னால் "யு" இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எல்லாம் சமர்த்தாக அதனதன் பிளாக்கில் போய் உட்கார்ந்தன. அலுவலகத்தில் இதை ஒரு வேடிக்கையாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். யாருக்கும் ஒரு போன்கூடச் செய்யவில்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மிச்சம் கொஞ்சம் இருந்தது. தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கீழே தெருவில் கால் வைக்க இடமில்லை. ரங்கநாதன் தெரு வழியாக ஸ்டேஷனுக்குப் போவதற்குள் உயிர் போய்விடும் என்று நாலு மணிக்கே கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த கோப்புகளின் பட்டியலைத் திறந்தேன். திரையில் அந்தக் கட்டம் குறுகல், பெயரின் முன்பாதிதான் தெரியும். ஒன்றன்கீழ் ஒன்றாக 786, 786, 786.

முதல் எண் பிளாக் எண். பிளாக் மொத்தம் நாற்பது. எழுநூற்றெண்பத்தாறாவது பிளாக் எங்கிருந்து வரும்? எவனோ தெரியாத்தனமாகச் சோதனைக்கு அனுப்பிய குப்பை என்று முடிவு கட்டினேன். கட்டத்தை ஒரு இழுப்பு இழுத்து அகலப்படுத்தியிருந்தால் மிச்சப் பெயரும் தெரிந்திருக்கும். பக்கத்திலேயே அனுப்பியவரின் போன் நம்பர் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. விலக்கவேண்டியவை என்கிற பட்டியலில் 786 என்று போட்டு, ஒரு கோடு போட்டு, நட்சத்திரத்தைப் போட்டேன். பின்னால் எது இருந்தாலும் சரி. காரணம் என்கிற இடத்தில் "இல்லாத பிளாக்" என்று எழுதிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் அலுவலகத்தில் பெருக்கித் துடைத்து டீ போட்டுக் கொடுக்கும் பெண் அந்த ஆற்றோரத்துக்காரி. புருஷன் செத்து மூன்று வருஷம். ஒரே பெண், பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. நான் வந்து உட்கார்ந்ததும் கேட்காமலே டீ வரும், சர்க்கரை கம்மியாக. நான் யாரையாவது கத்திக்கொண்டிருந்தால் டம்ளரை நங்கென்று மேஜையில் வைத்து, "குடி மேடம், குட்ச்சிட்டு திட்டு" என்பாள். அவள் ஒருத்திதான் என்னிடம் அப்படிப் பேசுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

தீபாவளி முடிந்து வந்த திங்கட்கிழமை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், அந்த ஆத்தோரத்து லிஸ்ட்டு உங்க கைல தான் கீதாமே. பக்கத்து தெருல அல்லாருக்கும் டோக்கன் குட்த்துட்டானுங்கோ. எங்க தெருவுக்கே யாரும் வர்ல. நம்ம பேரு கீதான்னு கொஞ்சம் பாத்து சொல்லேன்."

பார்க்கக்கூடாது என்று விதி. அவளுக்காகப் பார்த்தேன். அவள் வீடு பன்னிரண்டாம் பிளாக், நான்காம் தெரு, முப்பத்தோராம் கதவு. பன்னிரண்டாம் பிளாக்கில் மூன்றாம் தெரு இருந்தது, ஐந்தாம் தெரு இருந்தது. நான்காம் தெரு இல்லவே இல்லை.

"உங்க தெருவுக்குக் கணக்கெடுக்கவே வரலை போலிருக்கேம்மா" என்றேன்.

"வந்தாரு மேடம்."

"வந்திருந்தா இதுல இருக்கும்."

"அய்ய, வந்தாருன்றேன். ஒரு பாய். வெள்ள தாடி. ரேஷன் கார்டு, ஆதாரு, கரண்டு பில்லு அல்லாத்தையும் போட்டோ புட்ச்சிக்கினு போனாரு. என்னிய கூட வாசல்ல நிக்க வச்சு புட்ச்சாரு. வெய்யில்ல நடந்து வந்தாரேன்னு ஒரு சொம்பு தண்ணி குட்த்தேன். குட்ச்சாரு."

"அது வேற எதுக்காவது வந்திருப்பாங்க. கேஸ், ஓட்டு, எதுக்காவது."

"நா பொய் சொல்றனா?"

"நீ பொய் சொல்றேன்னு யார் சொன்னா? கம்ப்யூட்டர்ல இல்லைங்கறேன். நூறு தடவை கேட்டாலும் இல்லாதது இருக்குன்னு ஆயிடுமா?"

கத்திவிட்டேன். மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது. அவள் மேஜைமேல் இருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலமும் டீ வந்தது. சர்க்கரை எப்போதும்போல கம்மியாகத்தான் இருந்தது.

நான் கெட்டவள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். திரையில் இல்லாததை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? வேண்டுமானால் மனு எழுதித் தருகிறேன் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை அவள் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் செக்யூரிட்டி சொன்னார், அவள் தெருவை இடித்துவிட்டார்கள் என்று. விடிந்ததும் விடியாததுமாக வண்டி வந்திருக்கிறது. டோக்கன் வைத்திருந்த பக்கத்துத் தெருக்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவர்கள் பீரோவையும் பாத்திரங்களையும் ரோட்டோரம் இறக்கி வைத்து, மேலே தார்ப்பாய் போட்டுக்கொண்டு மழையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பத்து நாள் கழித்து வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நகரத்துக்கு வெளியே, ஒரே அறை, ஏற்கெனவே ஐந்து பேர். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் வர இரண்டு பஸ். அண்ணி ஜாடையாகப் பேசுகிறாளாம். இதெல்லாம் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து மேஜைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். என் டீயை வைத்துவிட்டுப் போனாள். லிஸ்ட்டைப் பற்றி என்னிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குட்ச்சிட்டு திட்டு" என்று சொல்லவும் இல்லை.

தை மாதம் என் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். ரவிக்கை தைக்கக் கொடுக்க மயிலாப்பூர் போயிருந்தேன். மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டு வருஷமாக ஒரே தையற்கடை. அந்த பாய்க்கு என் அளவு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிக்கொள்வார். அன்றைக்கு நோட்டு தீர்ந்துபோய்ப் புது நோட்டு எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். பேனாவைத் திறந்து, தேதி எழுதுவதற்கு முன்னால், என் அளவு எழுதுவதற்கு முன்னால், பக்கத்தின் உச்சியில் நிதானமாக எழுதினார். 786.

நோட்டைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

தெரியாத விஷயமா அது? இந்த ஊரில் பிறந்து ஐம்பது வயது ஆகப்போகிறது. ஆட்டோவின் முதுகில், பிரியாணிக் கடைப் பலகையில், கல்யாணப் பத்திரிகையின் உச்சியில், இதே தையற்கடை ரசீதில் எட்டு வருஷமாக, எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். அல்லாவின் பெயரைச் சொல்லித் தொடங்குவதற்கு அந்த எண் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது என் கட்டத்துக்குள் வந்தபோது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. சுழியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்பா ஞாபகம் வந்தது, பாவம் என்று சேர்த்துக்கொண்டேன். இதைப் பார்த்ததும் குப்பை என்று தோன்றியது.

"என்ன மா, கை ரெண்டு இஞ்சு கம்மி பண்ணவா?" என்று பாய் கேட்டுக்கொண்டிருந்தார். எப்படியோ பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடினேன்.

விலக்கியவற்றைத் திறந்து கட்டத்தை அகலப்படுத்தினேன். 786_12_04_01. 786_12_04_02. ஒரு எண் விடாமல், ஒரு கதவு விடாமல், நான்காம் தெரு முழுக்க வரிசையாக இருந்தது. எல்லாம் ஒரே ஆள் அனுப்பியது. அத்தனை பேர் அனுப்பியதிலும் அவருடையதுதான் மிகச் சுத்தமான வேலை.

முப்பத்தோராம் கதவைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு கோப்பை உள்ளே திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில். கடைசியாக ஒரு படம். நீலக் கதவுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். போட்டோவுக்காக முந்தானையைச் சரிசெய்திருக்கிறாள். ஒரு கையில் சொம்பு.

அனுப்பியவரின் நம்பருக்குப் போன் செய்தேன். பெரியவர் குரல். சர்வே விஷயம் என்றதும் பயந்துவிட்டார்.

"நா எல்லாம் கரெக்டா தானே மா அனுப்பிச்சேன்? ஒரு வூடு வுடலையே."

"கரெக்டா இருக்கு பாய். பேருக்கு முன்னால 786 போட்டிருக்கீங்க. அதனால..."

"அது பழக்கம் மா. எத ஆரம்பிச்சாலும் போட்டுட்டு தான் ஆரம்பிக்கறது. போடக்கூடாதா? எனக்கு யாரும் சொல்லலையே மா. ஒரு போன் அடிச்சு கேட்டிருந்தா எடுத்துட்டு திருப்பி அனுப்பிச்சிருப்பேனே."

நடந்ததைச் சொன்னேன். "அந்த ஜனங்கல்லாம் இப்ப எங்க மா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

பேட்டர்னைத் திருத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஏற்கெனவே போட்டிருந்த ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒட்டு. நான்காம் தெரு முழுவதும் பன்னிரண்டாம் பிளாக்கில் வந்து உட்கார்ந்தது. ஒரு நிமிஷ வேலை. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜரிடம் சொன்னேன். வெளுத்துப் போனார். மேலே எழுதிப் போட்டார். "பெயரிடுதலில் ஏற்பட்ட குழப்பம்" என்று எழுதினார். படித்தால் பாய் தப்புச் செய்ததுபோலத்தான் இருந்தது. என் தப்பு என்று எழுதுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவேன் என்று பயந்தேன். அந்தக் கடிதத்துக்கு அடியில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் டீ போடுகிற இடத்துக்குப் போனேன். அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சுழி, 786, நட்சத்திரம், ஒன்று விடாமல். குழாயை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப பாய் அனுப்பிச்சாரு."

"அனுப்பிச்சார்."

"இங்க வந்துச்சு."

"வந்துது."

"நீ தான் எட்த்து கடாசிட்ட."

ஆமாம் என்றேன். குழாயை மூடினாள்.

"நம்பரு கெடக்குது வுடு. நம்பர பத்தி எனக்கு இன்னா தெரியும்? நா வந்தாருன்னு சொன்னேன்ல? தண்ணி குட்த்தேன்னு சொன்னேன்ல? அத்த நம்பியிருக்கலாம்ல நீ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"அழுவாத மேடம். நீ அழுதா எனக்கு வூடு வந்துருமா? இப்ப இன்னா பண்லாம்னு சொல்லு."

விட்டுப்போன தெருவை மறுபடி சரிபார்த்து இரண்டாவது பட்டியல் போடுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி" என்றாள். அன்றைக்கு நெடுநாள் கழித்து என் டம்ளரை நங்கென்று வைத்தாள். எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு.

மாசியில் உத்தரவு வந்தது. விட்டுப்போன ஒவ்வொரு வீட்டையும் நேரில் போய் மறுபடி பார்க்கவேண்டும். ஆள் இப்போது அங்கே குடியிருக்கிறாரா என்று பதிவு செய்து, அந்த இடத்தில் நின்றே படம் எடுத்து அனுப்பவேண்டும். முதலில் போன ஆளையே அனுப்பினார்கள், அவருக்குத்தான் தெரு தெரியும் என்று. யார் இந்த உத்தரவை எழுதினார்களோ, அவர்கள் அந்தத் தெரு இடிக்கப்பட்டதைப் பற்றிய கோப்பைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். அதுவும் வேறு ஒரு கூட்டத்தில் ஒரு வரியாக இருந்திருக்கும்.

பாய் அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். காற்றுச் சத்தம் கேட்டது.

"மா, நா முப்பத்தொண்ணாம் நம்பர் கிட்ட நிக்கறேன். நம்பர் எங்க இருக்கு, வெறும் மண்ணு தான். நிரவி வுட்டிருக்காங்க. போன்ல ரெண்டே கட்டம் தான் இருக்கு மா. 'வசிக்கிறார்', 'வசிக்கவில்லை'. எதுல டிக்கு போடறது?"

"குறிப்பு எழுத இடம் இருக்கா பாருங்க பாய்."

"இல்ல மா. ரெண்டு தான்."

வசிக்கிறார் என்று போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வெறும் மண்ணின் படத்தோடு அது மேலே போனால் பொய்க் கணக்கு என்பார்கள். பாயின் வேலை போகும், விசாரணை வரும், போன் செய்து யாரைக் கேட்டீர்கள் என்பார்கள், என் பெயர் வரும். இவ்வளவும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. கடைசியாகச் சொன்னேனே, அதுதான் முதலில் ஓடியது.

"உள்ளதைப் போடுங்க பாய்" என்றேன்.

"உள்ளது எதுன்னு தான் மா கேக்கறேன். நா தண்ணி குடிச்ச வூடு இது."

அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"வசிக்கவில்லைன்னு போடுங்க" என்றேன்.

"சரி மா" என்றார். ஒரு தெரு முழுக்க, கதவுக்குக் கதவு, அப்படியே போட்டு அனுப்பினார்.

மறுநாள் காலையில் கோப்புகள் வந்தன. 786_12_04_31. என் பேட்டர்ன் இந்த முறை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எல்லாம் பன்னிரண்டாம் பிளாக்கில், அதனதன் இடத்தில். முப்பத்தொன்றைத் திறந்து பார்த்தேன். சேறு காய்ந்து வெடித்த தரை, ஓரமாக நீலப் பெயிண்ட் அடித்த ஒரு மரத்துண்டு. வசிக்கவில்லை. வசிக்காதவர்களுக்குப் புது வீடு கிடையாது. இரண்டாவது பட்டியலும் அத்தோடு முடிந்தது.

திரையை மூட எனக்குக் கை வரவில்லை. அப்போது அவள் பின்னால் வந்து நின்றாள். பாய் வந்துபோன செய்தி தெருக்காரர்கள் யார் மூலமாகவோ அவளுக்குப் போயிருக்கிறது.

"மேடம், பாய் நேத்து வந்து போட்டோ புட்ச்சிக்கினு போனாராமே. இந்த தபா என் பைலு வந்துகீதா?"

"வந்திருக்கு" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். நீலக் கதவுக்கு முன்னால் நின்ற அதே முகம்.

"நாந்தான் சொன்னேனே, வந்தாருன்னு" என்றாள். "இரு, டீ எட்த்தாறேன்."

மிச்சத்தைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. பெண்ணுக்குப் போன் போட்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் பின்னால் போனேன்.